கடைவீதிச் சீரமைப்பு: மூன்று ஊர்கள் தரும் பாடம்



கடைவீதியைச் சீரமைக்கப் போகிறோம் என்று நகராட்சி அறிவித்ததும் நம் சங்கக் கூட்டங்களில் இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. வண்டி வராவிட்டால் வாடிக்கையாளரும் வரமாட்டார் என்கிறது ஒரு கட்சி. வண்டிகளை நிறுத்தினால்தான் ஜனங்கள் குடும்பத்தோடு வந்து நிதானமாகப் பார்த்து வாங்குவார்கள் என்கிறது மற்றொரு கட்சி. 2019 நவம்பரில் சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதைகளுடன் நடைவளாகம் திறக்கப்பட்டது. நம் ஊரிலும் அப்படிச் செய்தால் என்ன என்ற பேச்சு எழும்போது இரு கட்சியும் அதையே உதாரணம் காட்டுகின்றன.

பாண்டி பஜார் பெருநகரத்தின் நடுவே உள்ளது. ஐம்பதாயிரம், எண்பதாயிரம் பேர் வாழும் ஊரின் கடைவீதிக்கு அதை அப்படியே அளவுகோலாகக் கொள்ள முடியாது. ஆகவே, அந்த அளவுள்ள மூன்று வெளிநாட்டு ஊர்களை இங்கே எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் கடைவீதியில் வண்டிகளை நிறுத்தினார்கள். ஓர் ஊரில் வியாபாரம் தேய்ந்தது. இரண்டு ஊர்களில் நிலைத்தது. அதற்கான காரணமே நாம் படிக்க வேண்டிய பாடம்.

1. கலமசூ: பாதித் திட்டம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஊர் கலமசூ. 1959 ஆகஸ்டில் அதன் முக்கியக் கடைவீதியான பர்டிக் தெருவில் இரண்டு பகுதிகளை அடைத்து, செடிகளும் இருக்கைகளும் வைத்து, நடப்பவர்களுக்கே விட்டார்கள். அமெரிக்காவில் இப்படி அமைந்த முதல் கடைவீதி இதுதான். பின்னர் அது நான்கு பகுதிகளாக நீண்டது.

திட்டம் தந்தவர் விக்டர் குரூயன் என்ற கட்டடக் கலைஞர். 1956இல் மின்னசோட்டா மாநிலத்தில் திறக்கப்பட்ட சவுத்டேல் என்னும் முதல் மூடிய அங்காடி வளாகத்தை வடிவமைத்தவரும் இவரே. கலமசூவுக்கு அவர் சொன்ன திட்டம் பெரியது. ஊரின் மையத்தைச் சுற்றி ஒரு வட்டச்சாலை, அதை ஒட்டி வண்டி நிறுத்தும் இடங்கள், அங்கிருந்து நடந்து வர நடைவீதி என்று மூன்றும் அதில் இருந்தன. நடைவீதி மட்டும் வந்தது, வட்டச்சாலை வரவில்லை.

தொடக்கத்தில் நல்ல கூட்டம் இருந்தது. ஆனால் குடும்பங்கள் மெல்ல மெல்ல ஊருக்கு வெளியே குடிபெயர்ந்தன. பக்கத்து ஊரான போர்ட்டேஜில் 1980இல் கிராஸ்ரோட்ஸ் என்ற பெரிய அங்காடி வளாகம் திறந்தது. காரை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போகும் வசதி அங்கே இருந்தது. ஜனங்கள் குடியிருப்பது ஓர் இடம், நடைவீதி இன்னோர் இடம் என்றான பிறகு, தெரு எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. 1998இல் நான்கு பகுதிகளில் இரண்டை ஒருவழிப் பாதையாக வண்டிகளுக்குத் திறந்துவிட்டார்கள். குரூயன் திட்டத்தின்படி 1964இல் திறக்கப்பட்ட பிரெஸ்னோ நகரத்து பல்டன் தெருவும் 2017இல் மீண்டும் வண்டிச்சாலை ஆயிற்று.

2. பர்லிங்டன்: பொறுப்பாளர் உள்ள தெரு

அதே அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டனில் சுமார் 45,000 பேர்தான் வாழ்கிறார்கள். அங்குள்ள சர்ச் தெரு 1981இல் நடைவீதி ஆயிற்று. இன்றும் அப்படியே நடக்கிறது.

இதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம். முதலாவது, அந்த ஊரிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது. நடந்து வரக்கூடிய தூரத்தில் மாணவர்களும் குடும்பங்களும் இருக்கிறார்கள். இரண்டாவது, பக்கத்து வில்லிஸ்டனில் வரவிருந்த பெரிய அங்காடி வளாகத்துக்கு 1978இல் அனுமதி மறுக்கப்பட்டது. அதனால் கடைவீதி காலூன்ற அவகாசம் கிடைத்தது. மூன்றாவது காரணமே நமக்கு முக்கியமானது. அந்தத் தெருவைக் கவனிப்பதற்கென்றே ஒரு தனிக் குழு உண்டு. கட்டட உரிமையாளர்கள் அதற்குப் பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறார்கள். கூட்டுவது, பனி அள்ளுவது, விளக்கு, விழா எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு. தள்ளுவண்டிக்காரர்களுக்கு உரிமம் கொடுத்து இடம் ஒதுக்குவதும் அதன் வேலையே.

திறப்பு விழா அன்று எல்லாத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். மூன்றாம் வருடம் உடைந்த கல்லை மாற்றுவது யார், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பர்லிங்டன்காரர்கள் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டார்கள்.

3. பொந்தெவேத்ரா: சரக்குக்கு வழி உண்டு

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கே, கலீசியா பகுதியில் பொந்தெவேத்ரா என்ற பழைய ஊர் உள்ளது. மக்கள்தொகை சுமார் 83,000. குறுகலான கல் தெருக்களில் ஒரு காலத்தில் கார்கள் நெருக்கியடித்தன. 1999இல் மிகேல் ஆன்ஷோ பெர்னாண்டஸ் லோரெஸ் மேயரானார். பழைய நகர்ப் பகுதியின் சுமார் மூன்று லட்சம் சதுர மீட்டர் இடத்தில் கார்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. நடைபாதை, சாலை என்ற மேடு பள்ளம் இல்லாமல் ஒரே மட்டமாகக் கல் பாவினார்கள். கடைக்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அங்கே வைத்த விதி எளிமையானது. வேலை உள்ள வண்டி உள்ளே வரலாம். வேலை முடிந்ததும் போய்விட வேண்டும். சரக்கு வண்டி, ஆம்புலன்ஸ், வீட்டில் கொட்டகை உள்ளவரின் கார் இவையெல்லாம் வரும். நிறுத்த இடம் தேடிச் சுற்றும் வண்டிக்கு மட்டும் இடமில்லை. அவர்களுக்காக ஊரின் ஓரத்தில் இலவச நிறுத்துமிடங்கள் அமைத்தார்கள். அங்கிருந்து எந்த இடத்துக்கு எத்தனை நிமிட நடை என்று ரயில் வரைபடம் போல ஒரு படம் 2011இல் வெளியிட்டார்கள். நகரின் நடுவே பெரிய அங்காடி வளாகங்களுக்கு அனுமதி தரவில்லை.

அதே தெருக்களில் 1996 முதல் 2006 வரை விபத்துகளில் 30 பேர் இறந்திருந்தார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் இறந்தவர் மூவர். மையப் பகுதியில் குடியிருப்போர் எண்ணிக்கையும் கூடியது. கடைக்கு மேல்மாடியில் குடும்பங்கள் குடியேறினால், நடந்து வந்து பால், ரொட்டி, காய்கறி வாங்கும் வாடிக்கையாளர் வீட்டு வாசலிலேயே இருக்கிறார் என்று பொருள்.

நம் சங்கம் கேட்க வேண்டிய கேள்விகள்

மூன்று ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால், வண்டியை நிறுத்தியதால் மட்டும் எந்த ஊரும் வாழவுமில்லை, கெடவுமில்லை. நடந்து வரும் தூரத்தில் ஜனங்கள் இருந்தார்களா, சரக்கு வர வழி இருந்ததா, தெருவைக் கவனிக்க ஆள் இருந்ததா என்பவையே முடிவைத் தீர்மானித்தன. ஆகவே நகராட்சி வரைபடத்தை விரிக்கும்போது, வேண்டும், வேண்டாம் என்று கை தூக்குவதற்கு முன்னால் நாம் ஐந்து கேள்விகளை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

முதல் கேள்வி, வாடிக்கையாளர் எப்படி வருகிறார்? இதற்கு நாமே கணக்கு எடுக்கலாம். சாதாரண வாரம் ஒன்று, முகூர்த்த வாரம் ஒன்று எடுத்துக்கொண்டு, நடந்து வந்தவர், பேருந்தில் வந்தவர், இருசக்கர வாகனம், கார் என்று கல்லாவில் ஒரு நோட்டில் கோடு போட்டு வந்தால் போதும். கையில் கணக்கு இருந்தால் பேச்சில் பலம் இருக்கும்.

இரண்டாவது, சரக்கு எப்போது, எந்த வழியாக இறங்கும்? மொத்த வியாபாரிகளுக்கு இது உயிர்நாடி. 10 டன் சர்க்கரை லாரி என்றால் 50 கிலோ மூட்டை 200. லாரி தெருமுனையிலேயே நின்று, தள்ளுவண்டியில் ஒரு நடைக்கு 8 மூட்டை வீதம் கொண்டுவந்தால் 25 நடை. அந்தக் கூலி கடைசியில் சில்லறைக் கடைக்காரர் தலையிலும், வாங்குபவர் தலையிலும்தான் விழும். அதிகாலையிலும் இரவிலும் சரக்கு வண்டிக்கு நேரம் ஒதுக்கி, திட்டத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். தெருவின் நடுவே வைக்கும் தொட்டியும் இருக்கையும் லாரி திரும்ப இடையூறாக உள்ளனவா என்று கற்களைப் பதிக்கும் முன்னரே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, வேலை எத்தனை மாதம்? தெரு முழுவதையும் ஒரே நேரத்தில் தோண்டாமல், பகுதி பகுதியாகத் தோண்டி முடிக்க வேண்டும். தீபாவளி, பொங்கல் வியாபாரத்துக்கு முன் பள்ளங்கள் மூடப்பட வேண்டும். கழிவுநீர்க் குழாய், மின் கம்பி, தண்ணீர்க் குழாய் மூன்றையும் கல் பாவுவதற்கு முன்பே முடித்தால்தான் புதுக் கல்லை மறுபடி பெயர்க்காமல் இருக்கலாம்.

நான்காவது, நடைபாதை வியாபாரிகள் எங்கே இருப்பார்கள்? 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள் குறைந்தது 40 சதவீதம். வணிகர் சங்கங்களின் பிரதிநிதிகளுக்கும் அதில் இடமுண்டு. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பிறகு மனுக் கொடுத்துப் பயனில்லை. பூக்காரரும் பழக்காரரும் இருக்கும் வீதிக்குத்தான் ஜனங்கள் தினமும் வருகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசி இடம் பிரித்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

ஐந்தாவது, பராமரிப்புக்கும் வாடகைக்கும் என்ன ஏற்பாடு? தெரு அழகானால் கட்டடத்தின் மதிப்பு கூடும், வாடகையும் கூடும். தோண்டிய காலத்தில் நஷ்டப்பட்ட வாடகைக் கடைக்காரர், திறந்த பிறகு வாடகை கட்ட முடியாமல் வெளியேறினால் அந்த அழகு யாருக்காக? சங்கத்தில் கட்டட உரிமையாளர்களும் இருக்கிறார்கள், வாடகைதாரர்களும் இருக்கிறார்கள். வேலை தொடங்குமுன் இரு தரப்பையும் உட்கார வைத்து, சில ஆண்டுகளுக்கு வாடகை எவ்வளவு உயரலாம் என்று எழுதி வைத்துக்கொள்வது நம் கையில் இருக்கும் காரியம். இதற்கு நகராட்சியை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

திட்டம் வரும்போது, முதலில் மாலை நேரங்களிலோ ஞாயிற்றுக்கிழமைகளிலோ தடுப்பு வைத்து ஒரு மாதம் நடத்திப் பார்க்கச் சொல்லலாம். தடுப்பை மறுநாளே எடுத்துவிடலாம். பாவிய கல்லைப் பெயர்க்க கலமசூவுக்கு 39 ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு ஊர்க் கிளைச் சங்கமும் மேற்சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் தங்கள் ஊருக்கு உரிய பதிலை இப்போதே தயாரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.