காப்பி ஆயிடுச்சு, ஆனா தமிழைக் காணோம்!

பழைய கம்ப்யூட்டர்ல இருந்து புதுசுக்கு ஃபைல் மாத்துறதுல என்ன பெரிய பாடம், காப்பி பேஸ்ட்தானேன்னு நினைக்கிறீங்களா? போன லீவுல எங்க ஊர் மூங்கில்துறைப்பட்டுக்குப் போற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அப்பா அங்க மெயின் ரோட்டுல சின்னதா ஒரு டிடிபி கடை வெச்சிருக்கார். சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். கரும்பு விவசாயிகளோட மனு, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலின்னு எல்லாம் அவர் கையால டைப் பண்ணதுதான். கடை கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி. (மைக்ரோசாஃப்ட் அதுக்கு சப்போர்ட்டை நிறுத்தினது 2014 ஏப்ரல்ல!) புது லேப்டாப் வாங்கினதும் எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டு மாத்திக் கொடுத்தேன். ஒரு எரர்கூட வரல.

அன்னிக்கு சாயந்திரம் ஒரு அக்கா வந்தாங்க. வீட்டுக்காரருக்குப் பத்தாம் ஆண்டு நினைவஞ்சலி. "மொத வருஷம் போட்ட அதே வரி வேணும்ண்ணே, எங்ககிட்ட இப்ப அது இல்ல." அப்பா ஃபைலைத் திறந்தார். திரை முழுக்க அர்த்தமே இல்லாத இங்கிலீஷ் எழுத்து. "வைரஸ் ஏறிடுச்சாம்மா? எல்லாம் போச்சா?" பழைய மெஷினை மறுநாள் எக்ஸ்சேஞ்சுல கொடுக்கறதா இருந்தோம்.

ஒண்ணும் போகல. ஏன்னு பார்ப்போம்.

ஃபைலுக்குள்ள என்ன இருக்கு?

அப்பா டைப் பண்றது பாமினி ஃபான்ட்ல. அந்த ஃபைல்ல 'தமிழ்'ங்கிற சொல், ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு அஞ்சு இங்கிலீஷ் குறிகளாத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறிகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது ஃபான்ட். நான் டாக்குமென்ட்ஸ் எல்லாம் காப்பி பண்ணேன். ஃபான்ட் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருந்ததால பழைய மெஷின்லயே தங்கிடுச்சு. புது லேப்டாப் வேற ஃபான்ட்டைப் போட்டு, உள்ள இருந்த குறிகளை அப்படியே காட்டிடுச்சு.

இது எங்க கடைக்கு மட்டும் வந்த கதை இல்ல. வானவில், பாமினின்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு குறியீடு. 1999 தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் டேம், டேப்னு ரெண்டை அரசு ஏத்துக்கிச்சு. 2010-ல யூனிகோடுக்கு வந்தாங்க. யூனிகோடுல ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் சொந்த எண் இருக்கு. அதனால ஃபான்ட் மாறினாலும் தமிழ் தமிழாவே இருக்கும்.

சரி, என்ன செய்யணும்?

1. பழைய டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணாதீங்க. மாத்தின ஃபைல்ல பத்தையாவது புதுசுல திறந்து படிச்சுப் பாருங்க. "காப்பி முடிந்தது"ன்னு வந்தா பைட்டுகள் வந்துடுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம்.

2. ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்க. புதுசுல ரைட் கிளிக், இன்ஸ்டால். எங்க பிரச்சினை பாதி இதுலயே முடிஞ்சுது.

3. டெஸ்க்டாப்பை மறக்காதீங்க. டி டிரைவை மட்டும் எடுத்துட்டு சி-யில இருக்கிற டெஸ்க்டாப்பை விட்டுடுவோம். ரெண்டு பக்கமும் ப்ராப்பர்டீஸ்ல ஃபைல் எண்ணிக்கை ஒத்துப்போகுதான்னு பாருங்க.

4. பெரிய வீடியோ மட்டும் காப்பி ஆகலையா? பென் டிரைவ் ஃபேட்32-ஆ இருக்கும். அதுல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிரைவ்ல இருக்கிறதை வேற இடத்துல வெச்சுட்டு, எக்ஸ்ஃபேட்டா ஃபார்மேட் பண்ணிக்கோங்க.

5. நாள்பட வேணும்கிறதை யூனிகோடுக்கு மாத்துங்க. என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசம். மாத்துறது நகல்லதான், ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும். நடுவுல நிஜ இங்கிலீஷ் வரி இருந்தா அதை விட்டுட்டு மாத்துங்க, இல்லன்னா அதுவும் உளறலாயிடும்.

கோடிங் பிரியர்களுக்கு ஒண்ணு

நாமளே கன்வெர்ட்டர் எழுதலாமே, வெறும் ஃபைண்ட் ரீப்ளேஸ்தானேன்னு நான் உட்கார்ந்தேன். மாட்டிக்கிட்டேன். பாமினில 'க' எஃப், துணைக்கால் எச், ஒற்றைக்கொம்பு சின்ன என். அப்போ 'கொ' = என், எஃப், எச். கண்ணுக்குத் தெரியுற வரிசையிலேயே கொம்பு முதல்ல வருது. யூனிகோடுல 'க' முதல்ல, குறி அப்புறம். தனித்தனியா மாத்தினா கொம்பு முன்னாடி ஒட்டாம நிக்கும். அதனால நீளமான கூட்டத்தை முதல்ல மாத்தணும்: 'கொ', அப்புறம் 'கெ', 'கா', கடைசியாத்தான் வெறும் 'க'. அரியர் வெச்ச கம்பைலர் டிசைன்ல படிச்ச 'லாங்கெஸ்ட் மேட்ச்' இதுதான்னு அப்பதான் புரிஞ்சுது!

அந்த அக்காவுக்கு அன்னிக்கு ராத்திரியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். நாலே வரிதான். நின்னு ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் போனாங்க.

அப்பா இப்பவும் பழக்கமான பாமினி விசைகள்லதான் தட்டறார். என்எச்எம் ரைட்டர் அதை யூனிகோடா எழுதிக்குது. விரல் பழக்கத்தை மாத்தச் சொல்ல வேண்டிய அவசியமே வரல.

இந்த லீவுல ஊருக்குப் போனா, வீட்டுல மூலையில கிடக்கிற பழைய கம்ப்யூட்டரை ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க. காயலாங்கடைக்குப் போறதுக்கு முன்னாடி!