உணவை உருவாக்கும் மூன்று

சங்க அங்கத்தினர்களான நெசவாளர்க்கும் உழவர்க்கும் இம்மாதப் பாடம், நாம் நாள்தோறும் உண்ணும் உணவைப் பற்றியதாகும். ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு உணவு வேறுபடுவது ஏன்? நிலம், வரலாறு, வழக்கம் ஆகிய மூன்றும் இதற்குக் காரணங்களாம். நெசவாளர் மொழியிற் கூறின், நிலம் பாவு, வரலாறு ஊடை, வழக்கம் நெய்யும் கை. கை ஓய்ந்துவிடின், பாவும் ஊடையும் இருந்தும் சேலை இல்லை.

முதலாவது, நிலம். எழுமலையையே எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே அமைந்த ஊர் இது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை அம்மலை தடுத்துக் கேரளத்துப் பக்கமே பொழியச் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையே நமக்கு முக்கிய ஆதாரம். ஆகையால் ஏறக்குறைய 90 நாட்களில் விளையும் குதிரைவாலியும், வறட்சி தாங்கும் சோளமும் கம்பும் இவ்வட்டாரத்து மானாவாரி நிலங்களின் பயிர்களாயின. கூழும் களியும் அவற்றினின்று பிறந்தவை.

இரண்டாவது, வரலாறு. 1895-ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைக்கு வந்தது. மதுரைச் சமவெளியில் நெல் விளைச்சல் பெருகிற்று. நமது குழம்பிலும் வரலாறு உண்டு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர், போர்ச்சுகீசியர் வாணிகத்தின் வாயிலாக அது இந்நாட்டிற்கு வந்தது. அதற்கு முன்னர் நம் முன்னோர்க்குக் காரம் தந்தவை மிளகு போன்றவையே. மிளகாய் என்ற பெயரிலேயே மிளகு இருப்பதை அங்கத்தினர்கள் கவனிக்கலாம்.

மூன்றாவது, வழக்கம். மெக்சிகோ நாட்டார் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்துக் கழுவி, அரைத்து, அடையாகத் தட்டுவர். ஐரோப்பியர் அப்பயிரைக் கொண்டுசென்றனர், பக்குவத்தைக் கொண்டுசெல்லவில்லை. 18-ஆம் நூற்றாண்டு முதல் ஸ்பெயின், இத்தாலி நாடுகளில் மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழைகளைத் தோல் வெடிப்பும், வயிற்றுப்போக்கும், சித்தக் கலக்கமும் உண்டாக்கும் பெல்லாக்ரா நோய் வாட்டியது. நியாசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவே இதற்குக் காரணம் என்பது 1937-இல் தெளிவாயிற்று. மக்காச்சோளத்தில் உடலுக்கு எட்டாதவாறு கட்டுண்டிருக்கும் அச்சத்தைச் சுண்ணாம்பு நீர் விடுவிக்கிறது. பயிர் மட்டும் போதாது, பக்குவமும் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி நம் நிலையை நோக்குவோம். அண்மையில் இவ்வட்டாரத்தில் ஒரு மூதாட்டியார், "குதிரைவாலிச் சோறு தின்ன ஆசைதான் தம்பி, குத்தத்தான் கையில் வலு இல்லை" என்றார். குறை நிலத்தில் இல்லை, நாவிலும் இல்லை. இறுகிப் பற்றிய உமியில் இருக்கிறது. உரலும் உலக்கையும் ஓய்ந்தன. அவ்விடத்தை நிரப்ப வேறொன்று வரவில்லை. உண்பார் குறைந்தால் விதைப்பாரும் குறைவர். விதைப்பார் குறைந்தால் விதையும் அழியும். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆனால் கொண்டாட்டம் உமியை நீக்காது.

தனியொருவர் உமி நீக்கும் இயந்திரம் வாங்குதல் அரிது; சங்கமாகச் சேர்ந்து வாங்குதல் இயலும். அங்கத்தினர்கள் தானியத்தை உமியோடு சேமித்து, வேண்டும்போது வேண்டும் அளவே அரைத்துக்கொள்ளலாம். உமியோடு கூடிய தானியம் நெடுநாள் கெடாது. உமி நீக்கியது விரைவில் சிக்கு வாடை கொள்ளும். நல்ல கதிர்களைத் தெரிந்து விதைக்கு ஒதுக்குதலும் அவசியம். சமைக்கும் பக்குவத்தை மூத்தோரிடம் கேட்டு இளையோர் பழகுதல் வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்கு:

1. உங்கள் இல்லத்தில் இரண்டு தலைமுறைகளுக்குமுன் உண்ட தானியங்கள் யாவை?

2. அவற்றுள் நின்றுபோனவை நிலத்தால் நின்றனவா, உழைப்பின் அருமையால் நின்றனவா?