வேரின் மொழியும் நூற்புழுவின் தேர்வும்

முன்னுரை

ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகைப்படுத்திய தொல்காப்பியர், புல்லையும் மரத்தையும் உற்றறியும் ஓரறிவு உடையனவாக மரபியலில் கூறுகின்றார். அதனை ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் நமக்கு, மண்ணுக்குள் வேர் நிகழ்த்தும் செயல்களை இன்றைய தாவர உயிர்வேதியியல் விளக்கக் கேட்குங்கால் வியப்பு மேலிடுகின்றது. வாயில்லாத வேர் வேதிப்பொருள்களால் பேசுகின்றது. கண்ணும் காதுமில்லாத புழு அதனை உணர்ந்து தன் உணவைத் தேர்கின்றது. இவ்வுண்மையால் உழவர்க்கு விளையும் பயன் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நூற்புழுவின் இயல்பு

பயிரைத் தாக்கும் நூற்புழுக்களுள் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாதவை. ஊசி போன்ற வாயுறுப்பால் வேரின் உயிரணுவைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுவன. பயிர் மஞ்சளாகி வாடும். உழவரோ நீர்க்குறை, உரக்குறை என மயங்குவர். இப்புழுவின் தலைப்பகுதியில் வேதிப்பொருள்களை உணரும் இணையுறுப்புகள் உள்ளன. வேர் வெளியிடும் கரியமில வாயு, சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், ஃபீனால்கள் முதலியன மண்ணின் ஈரத்தில் பரவ, அவற்றின் செறிவு மிகும் திசையை நோக்கியோ, விலகியோ புழு நகர்கின்றது.

எனினும் எல்லாப் புழுவும் எல்லாப் பயிரையும் உண்பதில்லை. வேர்முடிச்சு நூற்புழு தக்காளி, வெண்டை, வெள்ளரி எனப் பல குடும்பப் பயிர்களைத் தாக்கும். உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழுவோ உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி அடங்கிய ஒரு குடும்பத்தையே நாடும். இவ்வேறுபாட்டின் காரணத்தை நம் நீலகிரியே நமக்குக் கற்பிக்கின்றது.

வேரின் அழைப்பு

தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைகளில் தோன்றிய இப்புழு, நீலகிரியில் இருப்பதை 1961-இல் ஜோன்ஸ் என்னும் பிரித்தானிய அறிஞர் கண்டறிந்தார். தாய்ப்புழு இறந்தபின் அதன் உடலே கெட்டியான கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கின்றது. உணவுப்பயிர் இல்லாவிடினும் அம்முட்டைகளுள் சில இருபது ஆண்டுகள் வரை உறங்கிக் கிடக்க வல்லவை.

அவ்வுறக்கத்தைக் கலைப்பது யாது? உருளைக்கிழங்கின் வேரிலிருந்து கசியும் பொருளே ஆகும். மிகச் சிறிய அளவிலேயே அது முட்டையின் ஓட்டை இளக்கி, உள்ளிருக்கும் இளம்புழுவை எழுப்புகின்றது. இப்பொருள்களுள் ஒன்றான சொலனோஎக்லெபின் என்பதனை 2011-இல் சப்பானிய அறிவியலாளர்கள் ஆய்வகத்திலேயே உருவாக்கினர். வீட்டுக்காரனே கதவைத் திறந்து கள்வனை எழுப்பிவிடும் நிலை இது எனலாம்.

வேரின் மறுப்பு

அழைக்கும் வேர் மறுக்கவும் அறியும். செண்டுமல்லியின் வேரிலுள்ள ஆல்ஃபா டெர்தியெனைல் என்னும் பொருள் நூற்புழுவைக் கொல்லவல்லது என்பதனை 1958-இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் உணர்த்தினர். கடுகுக் குடும்பப் பயிர்களை மடக்கி உழுதால், அவை சிதையுங்கால் எழும் காரமான வேதிப்பொருள்கள் புழுக்களை ஒடுக்குகின்றன.

வேறுசில பயிர்கள் புழுவை உள்ளே விட்டபின் வெல்கின்றன. புழு உணவுக்காகத் தேர்ந்த உயிரணுக்களைச் சூழ்ந்துள்ளவை தாமே மடிய, புழு பட்டினியால் அழிகின்றது. இத்தகைய எதிர்ப்பாற்றல் கொண்ட குஃப்ரி சுவர்ணா என்னும் உருளைக்கிழங்கு இரகம் 1985-இல் நீலகிரிக்கென வெளியிடப்பட்டது. ஆயினும் ஒரே இரகத்தை இடைவிடாது பயிரிட்டால், அதனை வெல்லவல்ல புழுவகையே நிலத்தில் பெருகும் என்பதை மறத்தலாகாது.

நஞ்சும் அறிவும்

இம்மொழியை அறியாதார் நஞ்சையே நம்பினர். நூற்புழுவைக் கொல்லப் பயன்பட்ட டிபிசிபி என்னும் நஞ்சைத் தயாரித்த கலிபோர்னியா ஆலைத் தொழிலாளர் பலர் மகப்பேற்று ஆற்றலை இழந்தமை 1977-இல் வெளிப்பட்டது. 1979-இல் அமெரிக்க அரசு அதன் பெரும்பாலான பயன்பாட்டைத் தடைசெய்தது. புழுவுக்கு வைத்த நஞ்சு மனிதனின் வழித்தோன்றலையே தீண்டியது.

மாறாக, உருளைக்கிழங்கை அடுத்துக் கோசு, காரட், பீன்சு எனப் பயிர்சுழற்சி செய்யின், விழித்தெழும் புழுக்கள் உணவின்றி மடியும். எஞ்சிய முட்டைகளும் ஆண்டுக்காண்டு குறையும். விதைக்கிழங்கோடு ஒட்டிய மண்வழியே புழு பரவுமாதலால் தூய விதையும் இன்றியமையாதது. 2018-இல் இமாசலப் பிரதேச விதைப் பண்ணைகளிலும் இப்புழு காணப்பட்டு, விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்ததை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

பயிர் வாடக் காணும் உழவர் முதலில் நாடுவது மருந்துக் கடையையே. வேரின் அழைப்பும் மறுப்பும் ஆய்விதழ்களில் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டால், அவர் கையில் எஞ்சுவது நஞ்சுப் புட்டி ஒன்றே. ஆதலின் வேளாண் அறிவை உழவர்க்கு விளங்கும் தமிழில் தருவது தாவரவியலார் கடமை மட்டுமன்று. தமிழ் பயிலும் நம் கடமையுமாகும். நூற்புழு, முட்டைக்கூடு, பயிர்சுழற்சி எனச் சொற்கள் நம்மிடம் உள்ளன. வேரின் மொழியைப் புழு அறிந்திருக்கின்றது. உழவரும் அறியச் செய்வோமாக.