சரிந்த ஆடுகளமும் ஆடும் மேலாளரும்

இங்கிலாந்தில், தேசியக் கால்பந்து லீக்கில் இடம்பெறாத சிற்றூர்க் கழகங்கள் பல உண்டு. அவற்றின் ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் பகலில் வேறு தொழில் செய்து, மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். மேலாளர் ஒருவரைத் தனியே அமர்த்த இயலாத கழகங்கள், அனுபவமிக்க ஆட்டக்காரரிடமே அப்பொறுப்பையும் ஒப்படைத்தன. அணியைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே. அதே அணியில் களமிறங்குபவரும் அவரே. பந்தைத் தவறவிட்ட தோழரைக் கடிந்துகொண்டவர், அடுத்த நொடியில் தாமும் தவறவிடக்கூடும்!

அலெக் ஸ்டாக் 1917ஆம் ஆண்டு சாமர்செட் மாவட்டத்தில் பிறந்தவர். போருக்கு முன் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்தில் ஆடினார். இரண்டாம் உலகப்போரில் படைவீரராகப் பணியாற்றிக் காயமுற்றார். 1946இல், கையுறைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இயோவில் நகரின் கழகம் அவரை ஆடும் மேலாளராக ஏற்றது. அப்போது அவருக்கு வயது 29.

இயோவில் கழகத்தின் ஹியூஷ் ஆடுகளம் ஒரு பக்கக்கோட்டிலிருந்து மறு பக்கக்கோட்டை நோக்கிச் சரிந்திருந்தது. வந்து ஆடும் அணியினருக்குப் பந்து உருளும் போக்கே புதிராக இருக்கும். அந்தச் சரிவை ஸ்டாக் குறையாகக் கருதவில்லை. செய்தியாளர்களிடம் அதைப்பற்றி விரிவாகப் பேசி, எதிரணியின் மனத்தில் முன்கூட்டியே ஓர் ஐயத்தை விதைத்தார்.

1949 எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில், இரண்டாம் பிரிவைச் சேர்ந்த பெரி அணியை இயோவில் 3-1 எனத் தோற்கடித்தது. அடுத்த சுற்றில் எதிர்ப்பட்டது முதற்பிரிவைச் சேர்ந்த சண்டர்லாந்து. பெருந்தொகை கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்த்ததால், ‘இங்கிலாந்து வங்கி’ என்றே அக்கழகத்தை மக்கள் அழைத்தனர். லென் ஷாக்கில்டன் ஒருவருக்காக மட்டும் அக்கழகம் அளித்த தொகை 20,000 பவுனுக்கும் மேல்.

ஆட்டத்திற்கு முன் இயோவில் அணியின் முதன்மைக் கோல்காப்பாளர் காயமுற்றார். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்த, அனுபவம் குறைந்த இளைஞரை ஸ்டாக் களமிறக்க வேண்டியதாயிற்று. அவர் தடுமாறினால் பழி யாரைச் சேரும் என்பதை ஊரே அறிந்திருந்தது.

ஜனவரி 29 அன்று ஏறத்தாழ 17,000 பேர் திரண்டனர். 28ஆவது நிமிடத்தில் முதல் கோலை அடித்தவர் ஸ்டாக்கே. மேலாளர் தம்மைத் தாமே அணியில் சேர்த்துக்கொண்டது சரியா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை இருக்க முடியாது. இரண்டாம் பாதியில் சண்டர்லாந்து சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் எரிக் பிரையன்ட் வெற்றிக் கோலை அடித்தார். இறுதி நிமிடங்களில் மூடுபனி சூழ்ந்தது. தொலைவில் பந்து எங்கிருக்கிறது என்பதே பலருக்குப் புலப்படவில்லை. ஆட்டம் 2-1 என முடிந்தது. புதிய கோல்காப்பாளர் உறுதியாக நின்றிருந்தார்.

அடுத்த சுற்றில் மான்செஸ்டர் யுனைடெட் அணியிடம் 0-8 என்ற கணக்கில் இயோவில் வீழ்ந்தது. அவ்வாட்டத்தைக் கண்டவர்கள் 81,000க்கும் மேற்பட்டோர்.

அதே ஆண்டில் ஸ்டாக் இயோவிலை விட்டு லெய்டன் ஓரியன்ட் கழகத்தின் மேலாளரானார். பின்னர், தாம் முன்பு ஆடிய குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்திற்கே மேலாளராகத் திரும்பினார். மூன்றாம் பிரிவிலிருந்த அக்கழகம் 1967 லீக் கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோல் பின்தங்கியிருந்தும் 3-2 என வென்றது. 1975இல் அவருடைய ஃபுல்லம் அணி எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்று தோற்றது.

இயோவில் கழகம் 1990இல் வேறு ஆடுகளத்திற்கு மாறியது. சரிந்த பழைய திடலில் இன்று பேரங்காடி நிற்கிறது. ஸ்டாக் 2001இல் மறைந்தார். அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 2003இல், இயோவில் முதன்முறையாகத் தேசிய லீக்கினுள் நுழைந்தது.