நீலக்கால் சிலந்தி: அழகே ஆபத்தானபோது...

டரண்டுலா என்றதும் நம் மனக்கண்முன் நிற்பது கறுத்துத் தடித்த, மயிர் அடர்ந்த ஒரு பெருஞ்சிலந்தியின் உருவம். பயமும் அருவருப்புமே பலருக்கு முதலில் தோன்றும். ஆனால், சரவாக் மழைக்காட்டில் வாழும் ஒரு டரண்டுலாவைப் பார்த்தவர்கள் அதன் அழகில் மயங்கிப் போனார்கள். அந்த மயக்கமே அதற்கு வினையாகவும் முடிந்தது.

பெயரும் தோற்றமும்

இதன் அறிவியல் பெயர் பிரூபெஸ் சிமோராக்சிகோரம். 2019-ஆம் ஆண்டில்தான் இது அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. 'பிரு' என்பது நமக்குப் பழக்கமான மலாய்ச் சொல். நீலம் என்று பொருள். 'பெஸ்' என்பது கால் அல்லது பாதத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். இரண்டும் சேர்ந்தால் 'நீலக்கால்'. உடல் மணலும் பழுப்பும் கலந்த மங்கலான நிறம். எட்டுக் கால்களோ மின்விளக்கு ஏற்றியதுபோல் பளிச்சிடும் நீலம்.

நீலம் எங்கிருந்து வருகிறது?

டரண்டுலாக்களின் நீலம் சாயத்தால் வருவதன்று. அவற்றின் மயிர்களில், கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய அடுக்குகள் உள்ளன. அவற்றின்மீது விழும் வெள்ளொளியில் நீல அலைகள் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தித் திரும்புகின்றன. மயில் தோகையின் நீலமும் இத்தகைய நுண்ணமைப்பால் உண்டாவதே. தோகையை இடித்துப் பொடியாக்கினால் நீலம் மறைந்து பழுப்புத் தூளே மிஞ்சும்.

இந்த நீலம் டரண்டுலா இனங்களில் குறைந்தது எட்டு முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது என்று 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சிங்கப்பூரிலிருந்து 1924-இல் விவரிக்கப்பட்ட ஊதாநீலக் கால் டரண்டுலாவும் நம் வட்டாரத்தைச் சேர்ந்ததே. இரவில் நடமாடும் இந்தச் சிலந்திகளுக்கு நிறம் தெரியாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், நிறத்தை உணர உதவும் புரதங்கள் அவற்றிடம் இருப்பதை, சிங்கப்பூரின் யேல்-தேசியப் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்களும் பங்குபெற்ற 2020-ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துரைத்தது. துணையைக் கவர்வதற்கு இந்த நீலம் பயன்படலாம் என்பது அவர்களின் கருத்து.

அழகுக்குக் கொடுத்த விலை

துணையைக் கவரும் நிறம் மனிதனையும் கவர்ந்துவிட்டது. டரண்டுலாக்களைச் செல்லப்பிராணிகளாக வளர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். அரிய நீலத்திற்கு அவர்களிடையே நல்ல கிராக்கி. நம் சரவாக் சிலந்தியை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய கட்டுரை, இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட உயிர்களை வைத்தே எழுதப்பட்டது. அவற்றைப் பிடித்துச் செல்ல முறையான அனுமதி இருந்ததா என்ற கேள்வி 2019-இல் பெரும் சர்ச்சையாக வெடித்தது. சிறப்புப் பெயரான 'சிமோராக்சிகோரம்' சேகரித்தவர்களின் பிள்ளைகளுடைய பெயர்களிலிருந்து உருவானது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. முதற்பாதி நம் மண்ணின் மொழி. பிற்பாதி எங்கோ இருக்கும் குழந்தைகளின் நினைவு!

சில சிலந்திகளைப் பிடித்தால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். டரண்டுலாக்கள் மெதுவாக வளர்பவை. ஆண் சிலந்தி முதிர்ச்சியடைந்தபின் அதிக காலம் வாழ்வதில்லை. பெண் சிலந்தியோ பல ஆண்டுகள் வாழ்ந்து இனத்தைப் பெருக்குகிறது. ஆகவே, முதிர்ந்த பெண் சிலந்தி ஒன்று காட்டைவிட்டுப் போனால், அதனோடு வருங்காலத் தலைமுறைகளும் போய்விடுகின்றன.

நாம் செய்யக்கூடியது என்ன?

நம் காட்டில் வாழும் ஓர் உயிரை நாம் அறிந்துகொள்ளுமுன்பே வெளியூர் வியாபாரி அறிந்துகொள்கிறான் என்றால், அது நாம் சிந்திக்க வேண்டிய செய்தி. உயிரியல் பயிலும் நம் மாணவர்கள் இத்தகைய இனங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். அரிய உயிரைக் காட்டில் காண நேர்ந்தால், அது இருக்கும் இடத்தைப் படத்தோடு ஊரறியச் செய்யாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பே. தமிழ் பயில்வோர் இவற்றைப் பற்றித் தமிழில் எழுதலாம். 'நீலக்காலி' என்று நாமே ஒரு பெயரும் சூட்டலாம். பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த ஒன்றைக் காக்கும் எண்ணம் தானே பிறக்கும்.