வாரக் கூலியில் வருஷச் சாமான்

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு வரும்படி தறிக்கூலிதான். சேலையை அறுத்துக் கொடுத்தால் காசு. பாவு வரத் தாமதமானால் அந்த வாரம் கை காய்ந்துவிடும். இப்படிப்பட்ட வீட்டுக்கு மாசக் கணக்கு ஒத்துவராது. வருஷக் கணக்காகப் போட்ட பிறகுதான் எங்களிடம் நாலு காசு தங்கியது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தறி ஓயாமல் ஓடும். அந்தக் கூலியைத் துணிமணியிலும் பலகாரத்திலும் கரைத்துவிடாமல் ஒரு பங்கை எடுத்து வைக்கிறோம். காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கரிசலில் விதைத்தது தை, மாசியில்தான் களத்துக்கு வரும். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் குதிரைவாலி, சோளம், உளுந்து எல்லாம் வரத்து கூடி விலை இறங்கும் நேரம் அது. அடுத்து புளி, மிளகாய் வத்தல். அப்போது கையில் பணம் இருப்பவருக்குத்தான் மலிவு.

மொத்தமாக வாங்கி வண்டு தின்றால் லாபம் வண்டுக்குத்தான். அதனால் எங்கள் அத்தை சொல்லிக் கொடுத்தபடியே செய்கிறேன். எதையும் நன்றாக வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். பருப்பில் காய்ந்த வேப்பிலை போடலாம். புளியைக் கொட்டை எடுத்து, கல்லுப்புத் தூவி ஜாடியில் அமுக்கி வைத்தால் வருஷம் முழுக்க வரும். குதிரைவாலியை உமியோடு வாங்கி, வேண்டும்போது மில்லில் கொடுத்துத் தீட்டிக்கொள்வது நல்லது. தீட்டிய அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

மழைக்குப் பின் காட்டில் தானாகக் காய்க்கும் அதலக்காயை விடமாட்டோம். பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும், வைத்தால் வெடித்துவிடும். காய் விலை ஏறும் மாதங்களுக்குச் சித்திரை வெயிலில் போட்ட மிதுக்கு வத்தலும் கொத்தவரை வத்தலும் இருக்கின்றன.

கரண்டில் ஒரு சூட்சுமம். இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கும் கூடுதல் விலை. கணக்கெடுக்க ஆள் வரும் முன்பே நடுவில் ஒருமுறை மீட்டரைப் பார்த்துவிடுவேன்.

சேமிப்புக்குத் தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், 5 வருஷத்தில் முதிரும். கூலி நன்றாக வந்த மாதத்தை நினைத்துத் தொகையைக் குறிக்காதீர்கள். தறி நின்ற மாதத்திலும் கட்ட முடிகிற தொகைதான் நிற்கும்.

பிள்ளைகளின் பால், முட்டை, மருந்து மூன்றிலும் நாங்கள் கை வைப்பதில்லை. அங்கே மிச்சம் பிடித்தது ஆஸ்பத்திரிச் செலவாகத் திரும்பி வரும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் வாங்க வேண்டாம். முதலில் புளியும் மிளகாய் வத்தலும் போதும். கடையில் அவ்வப்போது வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் விலையை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த தையில் உளுந்தும் வாங்கலாமா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.