அம்மாவின் மனமும் பிள்ளையின் சிகிச்சையும்



ஞாயிறு சமய வகுப்பில் பாடம் நடத்தும் எனக்கு ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: "அந்தப் பையன் ஒரு இடத்துல உட்கார மாட்டான், அம்மா சரியா வளர்க்கல."

இது தவறு. ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு வளர்ப்பால் வருவதல்ல. அதில் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் சிகிச்சையின் பலன் பெற்றோரின் மனநிலையையும் பொறுத்தது. வட அமெரிக்காவில் 579 பிள்ளைகளுக்கு 14 மாதம் சிகிச்சை அளித்த எம்.டி.ஏ. ஆய்வு 1999-இல் வெளியானது. அதன் விவரங்களை 2003-இல் மீண்டும் ஆராய்ந்தார்கள். பெற்றோருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் அதிகமிருந்தால், மருந்து கொடுத்தும் நன்கு தேறிய பிள்ளைகள் குறைவு.

ஏன் இப்படி? மருந்தை வேளை தவறாமல் கொடுப்பதும், வீட்டு விதியைத் தினமும் மாற்றாமல் கடைப்பிடிப்பதும், நல்லது செய்தவுடன் பாராட்டுவதும் பெரும்பாலும் அம்மா கையில்தான் இருக்கின்றன. தூக்கமும் தெம்பும் இல்லாதவர் இதையெல்லாம் தனியாக எப்படிச் செய்வார்? அவர் மனம் தேற உதவுவதும் பிள்ளைக்கான சிகிச்சைதான்.

நாம் செய்யக்கூடியவை:

1. குறை சொல்லாமல், "அக்கா, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று முதலில் கேளுங்கள்.
2. வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் ஓய்வெடுக்கட்டும்.
3. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், டாக்டரிடம் போகத் துணையாகச் செல்லுங்கள்.
4. அப்பாவையும் பொறுப்பில் சேருங்கள்.

கோயிலில் செய்வது மட்டுமா தொண்டு? இதுவும் தொண்டுதான்.